பக்கத்து வீட்டு நற்செய்தி

"மதினி, ஞாயித்துக்கெழம சும்மா வந்து உக்காந்துட்டுப் போங்களேன்."

திண்டுக்கல்லின் காம்பவுண்டு வீடுகளில் கிறிஸ்தவ நற்செய்திப் பணி இன்றைக்குப் பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் நடக்கிறது. தெருமுனையில் ஒலிபெருக்கி கட்டிப் பிரசங்கிப்பதும், பஸ் ஸ்டாண்டில் கைப்பிரதி நீட்டுவதும் அடியோடு போய்விடவில்லை. ஆனால் கைப்பிரதியைப் படித்துவிட்டு நேரே சபைக்கு வந்து உட்கார்ந்தவர்கள் அபூர்வம். வந்தவர்களில் பெரும்பாலோர் யாரோ ஒருவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்தான். அந்த ஒருவர் அண்ணன் மனைவியாக இருப்பார், நூல் மில்லில் அதே ஷிப்டில் நிற்பவராக இருப்பார், ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலுக்குத் துணைக்கு வந்தவராக இருப்பார்.

பிரசங்கத்தைவிடப் பழக்கம் பெரிது என்பது இந்த வழியின் அடிப்படை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு பொங்கிக் கொடுப்பார்கள். அரசு மருத்துவமனையில் ராத்திரித் துணைக்குப் படுப்பார்கள். புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கும்போது கதவைத் தட்டி உள்ளே போகிற தைரியமும் இவர்களுக்கு உண்டு. இப்படி நாலைந்து மாதம் போன பிறகு, "உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுமாக்கா?" என்று ஒரு கேள்வி வரும். வேண்டாம் என்று சொல்வது கஷ்டம். அந்தக் கஷ்டம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும். அன்புக்கு மரியாதை கொடுப்பதால் வரும் தயக்கம் ஒன்று. வாங்கிய சோற்றுக்குக் கடன் தீர்ப்பதுபோல் வரும் தயக்கம் இன்னொன்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மதம் மாறுவது கொள்கையை எடைபோட்டுப் பார்த்து எடுக்கிற முடிவு என்று படித்தவர்கள் நினைப்பதுண்டு. ஜான் லோஃப்லாண்ட், ரோட்னி ஸ்டார்க் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள், கொரியாவிலிருந்து வந்த ஒரு சிறு மதக் குழுவைச் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கூடவே இருந்து கவனித்து, 1965இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். குழுவுக்குள் இருப்பவர்களோடு உள்ள பந்தம் வெளியே உள்ள பந்தங்களைவிட வலுக்கும்போதுதான் ஒருவர் சேருகிறார் என்பது அவர்கள் கண்டது. முதலில் மனிதர்கள் பிடிக்கிறார்கள், பிறகு கொள்கை பிடிக்கிறது. திண்டுக்கல் காம்பவுண்டு வீட்டுக்காரர்களுக்கு இது புதுச் செய்தியே அல்ல.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இன்னும் கூர்மையான ஆய்வு ஒன்று உண்டு. நதானியேல் ராபர்ட்ஸ் என்ற மானிடவியலாளர் சென்னையில் பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஒரு குடிசைப் பகுதியில் தங்கி ஆராய்ந்து, அதற்கு 'அன்பு நகர்' என்று புனைபெயர் இட்டு, 2016இல் புத்தகமாக வெளியிட்டார். அங்கே பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கந்துவட்டிக் கடன், குடிகாரக் கணவன், நோய்நொடி என்று ஒவ்வொருத்தியும் வெளியே சொல்லாமல் பூட்டி வைத்திருந்த துயரத்தைச் சபை பொதுவில் பேசவைத்தது. ஒருத்தியின் கஷ்டத்தை இன்னொருத்தி தாங்க வேண்டும் என்று சொன்னது. மனைவி சபைக்குப் போவாள், கணவன் கோயிலுக்குப் போவான். அதனால் வீடோ தெருவோ உடைந்துவிடவில்லை என்று ராபர்ட்ஸ் எழுதுகிறார். மதமாற்றம் குடும்பத்தையும் ஊரையும் பிளக்கும் என்று மேடைகளில் பேசுகிறவர்கள் இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். இந்த முறையின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. தனியாகக் கிடந்த ஒருத்திக்குப் பேச ஆள் கிடைக்கிறது. அதைத் தந்திரம் என்ற ஒரே சொல்லில் அடக்குகிறவருக்கு அந்தத் தனிமை எப்படி இருக்கும் என்று தெரியாது.

ஆனால் நட்பு என்பதற்கு ஒரு சமநிலை வேண்டும். கொடுப்பவர் எப்போதும் ஒருவராகவும் வாங்குபவர் எப்போதும் இன்னொருவராகவும் இருந்தால் அதற்கு வேறு பெயர்.

இதை உலகக் கிறிஸ்தவத்தின் முகத்துக்கு நேரே சொன்னவர் ஒரு தமிழர். திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வி.எஸ். அசரியா, 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் பேசினார். வெள்ளைக்கார மிஷனெரிகள் எவ்வளவோ தியாகம் செய்திருக்கிறார்கள், ஆனால் கூட வேலை செய்யும் இந்தியனைச் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிடுவதில்லை என்பது அவருடைய குறை. தியாகத்தையும் சேவையையும் பெற்றுக்கொண்டோம், எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்ற பொருளில் அவர் முடித்தபோது அரங்கில் பலருக்கு முகம் சுருங்கியது. அவர்தான் 1912இல் தோர்ணக்கல்லின் ஆயரானார், ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்திய ஆயர். சேவை செய்துகொண்டே நண்பனாக இல்லாமல் இருக்க முடியும் என்று நூறாண்டுக்கு முன்பே அவர் சொன்னது இன்றைய உள்ளூர்ச் சபைகளுக்கும் பொருந்தும். வெள்ளைக்காரர் இருந்த இடத்தில் இப்போது படித்த, வேலையில் இருக்கிற, கொஞ்சம் மேலே போய்விட்ட கிறிஸ்தவர் இருக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சமநிலையைத் தேடி விலை கொடுத்த ஒருவர் திண்டுக்கல் மண்ணோடு சேர்ந்தவர். ரால்ப் ரிச்சர்ட் கெய்தான் 1925இல் அமெரிக்க மதுரை மிஷனின் ஊழியராக வந்தார். மிஷன் பங்களா வாழ்க்கை அவருக்கு ஒட்டவில்லை. கதர் உடுத்தினார். வைஸ்ராய்க்கு காந்தி எழுதிய கடிதத்தைக் கொண்டுபோன ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞரைத் தன் வீட்டில் தங்க வைத்தார். 1930இல் கெய்தானை நாட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்தார், 1944இல் மறுபடியும் அனுப்பினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மீண்டும் வந்து, சின்னாளபட்டிக்கு அருகே ஜி. ராமச்சந்திரனும் சௌந்திரம் அம்மாவும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தோடும், ஜெகந்நாதன் போன்ற சர்வோதய ஊழியர்களோடும் கலந்து வேலை செய்தார். கிறிஸ்துவை அவர் விடவில்லை, கூட இருந்தவர்களைக் கிறிஸ்தவராக்கவும் முனையவில்லை.

சபைக்காரர்கள் இதைக் கேட்டால் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள்: அப்படியானால் அவர் என்ன நற்செய்தி அறிவித்தார்? நியாயமான கேள்விதான். நட்பு மட்டும் போதும், வாயைத் திறக்கவே வேண்டாம் என்பது ஒரு நிலைப்பாடு. ஆனால் தான் உயிராக நினைப்பதை நண்பனிடம் ஒருபோதும் பேசாத நட்பிலும் ஏதோ ஒரு கள்ளம் இருக்கத்தான் செய்கிறது. கட்சிக்காரர் தன் கட்சியைப் பற்றி நண்பரிடம் பேசுகிறார், ரஜினி ரசிகர் ரஜினியைப் பற்றிப் பேசுகிறார், விசுவாசி மட்டும் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? ஆகையால் கெய்தானை எல்லோருக்கும் அளவுகோலாக வைப்பது சரியாகாது. பேசினாலும் பேசாவிட்டாலும் அவர் அதே இடத்தில், அதே மனிதர்களோடு இருந்திருப்பார் என்பதைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர் எதிரான முனையில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. பில்லி கிரகாமின் கூட்டங்களுக்கு ஆள் திரட்ட 'ஆபரேஷன் ஆண்ட்ரூ' என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். அந்திரேயா தன் சகோதரன் சீமோனை இயேசுவிடம் கூட்டிவந்த சம்பவம்தான் பெயருக்குக் காரணம். ஒரு அட்டையில் தெரிந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டும், அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும், பழக வேண்டும், கூட்டத்துக்கு அழைத்து வர வேண்டும். 1980 வாக்கில் இதே சிந்தனையை அமெரிக்காவில் வாழ்க்கைமுறை நற்செய்தி என்று புத்தகமாகவே எழுதினார்கள். நம் ஊர்ச் சபைகளுக்கும் அட்டை வந்து சேர்ந்தது. ஜெபிப்பதற்குப் பெயர் எழுதுவதில் தப்பில்லை. ஆனால் அட்டையில் தன் பெயர் இருக்கிறது என்று தெரியாமலே ஒருவர் நண்பராகிறார் என்பதில்தான் சங்கடம். சபைக்கு வந்துவிட்டால் அடுத்த பெயருக்கு நகர்ந்துவிடுவார்கள். வரமாட்டேன் என்று உறுதியாகச் சொன்னாலும் நகர்ந்துவிடுவார்கள். "முன்னெல்லாம் தெனமும் வருவாங்க, இப்ப பாத்தாக்கூடப் பேசுறதில்ல" என்ற வருத்தம் எழுவது இங்கேதான்.

ரோஜாப்பூ பிரசங்கம் செய்வதில்லை, மணம் வீசுகிறது, அதுபோல் வாழ்ந்து காட்டுங்கள் என்று காந்தி மிஷனெரிகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். நிலக்கோட்டைப் பூச்சந்தையில் விடியற்காலையில் நிற்கிற எவருக்கும் அந்த உவமை பிடிபடும். ரோஜாவிடம் பெயர் அட்டை கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சமநிலை மிகவும் சாய்ந்து கிடக்கும் இடம் நோய்ப் படுக்கை. காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஒட்டன்சத்திரத்தில், மருத்துவர் ஏ.கே. தரியனும் நண்பர்களும் 1955இல் தொடங்கியது கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை. பெரிய நகரத்துக்குப் போய்ச் சம்பாதித்திருக்கக்கூடிய மருத்துவர்கள் ஒரு சந்தைப் பேட்டையில் வந்து உட்கார்ந்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்களுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது பழனி, தாராபுரம் பக்கத்து முதியவர்களுக்குத் தெரியும். இப்படிப்பட்ட சேவையின் அன்பைச் சந்தேகிப்பது அநியாயம். ஆனாலும் காந்தி எழுப்பிய கேள்வி எல்லா மிஷன் மருத்துவமனைகளுக்கும் பொதுவாக நிற்கிறது: கிறிஸ்தவர் ஒருவர் என் நோயைக் குணமாக்கினார் என்பதற்காக நான் ஏன் மதம் மாற வேண்டும்? காய்ச்சலில் கிடப்பவரிடம் "ஜெபிக்கட்டுமா?" என்று மருத்துவர் கேட்டால், அவர் வாயிலிருந்து வரும் 'சரி' எவ்வளவு தூரம் சுதந்திரமானது?

பசியும் அப்படித்தான். தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1870களின் பிற்பகுதியில், மிஷனெரி கால்டுவெல் பணியாற்றிய திருநெல்வேலிப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சி ஊற்றியவர்கள் மனமார ஊற்றினார்கள். சேர்ந்தவர்களும் முட்டாள்கள் அல்ல, தங்களை மனிதராக மதித்தவர் யார் என்று பார்த்தே சேர்ந்தார்கள். என்றாலும், இன்றைக்கு இணையத்தில் எந்தக் கிறிஸ்தவரையும் 'அரிசி மூட்டை' என்று ஏசுகிற வழக்கத்துக்குப் பஞ்சகாலத்துக் கணக்குதான் தீனி போடுகிறது. இந்தச் சிக்கலைத் திருச்சபைகள் அறியாமல் இல்லை. உலகத் திருச்சபைகளின் மன்றமும், வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவையும், உலக நற்செய்திக் கூட்டமைப்பும் சேர்ந்து 2011 ஜூனில் ஓர் ஆவணம் வெளியிட்டன. ஏழ்மையையும் இல்லாமையையும் பயன்படுத்தி ஆள் சேர்க்கக் கூடாது, குணமாக்கும் பணியில் நோயாளியின் மாண்பு குலையக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. வீட்டு ஜெபக் கூட்டம் நடத்தும் எத்தனை ஊழியர்கள் அதைப் படித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது, வெளியில் அதிகம் பேசப்படாதது. நம் ஊரில் நட்பு எந்தத் தெரு வழியாக ஓடும்? தன் சாதித் தெரு வழியாகத்தான். மத்தியப் பிரதேசத்துத் தாமோவில் 1897இல் பிறந்த டொனால்டு மெக்கவ்ரன், 1955இல் எழுதிய புத்தகத்தில் இதையே ஒரு கொள்கையாக்கினார். மக்கள் தங்கள் சொந்தபந்தத்தைவிட்டுப் பிரியாமல், தங்கள் கூட்டத்தோடு கிறிஸ்தவர்களாவதுதான் இயல்பு, உறவுகள்தான் கடவுள் போட்ட பாலம் என்றார். எண்ணிக்கைக்கு இது நல்ல யோசனை. மதுரை, திண்டுக்கல், நெல்லை என்று எங்கே பார்த்தாலும் சபைகள் அப்படித்தான் வளர்ந்தன. ஒரு தெருவே சேர்ந்தது, அடுத்த தெரு சேரவில்லை. சேர்ந்த தெரு தன் சாதியையும் மூட்டை கட்டிக்கொண்டு கோயிலுக்குள் வந்தது.

1830களில் திண்டுக்கல்லில் காலூன்றிய அமெரிக்க மதுரை மிஷன் இதைக் கண்டு எரிச்சலடைந்து, 1847இல் பந்தியையே பரீட்சையாக வைத்தது. உபதேசியார்களும் சபையாரும் சாதி பார்க்காமல் சேர்ந்து உண்ண வேண்டும், மறுத்தால் நடவடிக்கை. பலர் இடைநிறுத்தப்பட்டார்கள். அன்பின் விருந்து என்று பெயர் வைத்துவிட்டு, வராதவனுக்குத் தண்டனை கொடுப்பது விசித்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் மிஷனெரிகள் தொட்டது சரியான நரம்பு. அழைக்கிறவரும் அழைக்கப்படுகிறவரும் ஒரே பந்தியில் உட்கார முடியாத இடத்தில் நட்பு என்ற பேச்சு வெறும் பேச்சு.

அந்த நரம்பு இன்னும் வலிக்கிறது. 2003 வரை திண்டுக்கல் கத்தோலிக்கர்கள் எந்த மறைமாவட்டத்தின் கீழ் இருந்தார்களோ, அந்தத் திருச்சியின் மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் குழிகளைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. பிணங்களுக்கும் தெரு பிரித்தார்கள். எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் மூண்ட மோதலில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். இதற்குமேல் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை வேறு. கிறிஸ்தவராகிற தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை போய்விடும். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு கிறிஸ்தவருக்கு இன்னும் திறக்கவில்லை. "சும்மா வந்து உக்காந்துட்டுப் போங்க" என்று அழைக்கிற தோழி இதையெல்லாம் சொல்வாளா? பிள்ளையின் கல்லூரி இடமும் அரசு வேலையும் சம்பந்தப்பட்ட விஷயத்தை ஞானஸ்நானத்துக்கு முன்பே சொல்லாத நட்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சோற்றுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தமிழ்நாட்டில் நட்பை அளக்கும் படி அதுதான். கிறிஸ்துமஸுக்குத் துணி மூடிய தட்டில் கேக்கும் முறுக்கும் பக்கத்து வீட்டுக்குப் போகின்றன. தைப்பொங்கலுக்கு அதே தட்டு சர்க்கரைப் பொங்கலோடு திரும்பி வருகிறது. சில புதிய சபைகளில் அந்தத் தட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. சாமிக்குப் படைத்தது, தொடக்கூடாது என்று போதகர் சொல்லியிருக்கிறார். கொடுத்துப் பழகியவர்கள் வாங்க மறுக்கிறார்கள். இத்தனைக்கும் கொரிந்து பட்டணத்துச் சபைக்கு இதே சிக்கல் வந்தபோது, விசுவாசியல்லாத ஒருவர் சாப்பாட்டுக்கு அழைத்தால் போ, வைத்ததைத் துருவிக் கேட்காமல் சாப்பிடு என்றுதான் பவுல் எழுதினார். அது படைத்தது என்று யாராவது எடுத்துச் சொன்னால் மட்டும் விட்டுவிடச் சொன்னார். வாசலில் நிற்கிற தட்டுக்கு அந்தக் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டால், அதற்கு முன்னால் இருக்கும் முழுப் பரிவும் காணாமல் போகிறது.

பழைய கத்தோலிக்கத் தெருக்களில் வேறொரு வழக்கம் இருக்கிறது. திண்டுக்கல் முத்தழகுப்பட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தின் ஆகஸ்ட் திருவிழா மாவட்டத்துக்கே தெரியும். நேர்த்திக்கடனாக ஆடும் கோழியும் வந்து குவிகின்றன. அரிசி, தக்காளி, கத்தரிக்காய், இஞ்சி, பூண்டு என்று மூட்டை மூட்டையாக வருகின்றன. கொண்டுவருகிறவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் ஏராளம். எல்லாவற்றையும் ஒரே உலையில் போட்டுச் சமைத்து, வந்தவர்க்கெல்லாம் பரிமாறுகிறார்கள். பாத்திரம் கொண்டுவந்து வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்களும் உண்டு. இங்கே கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று பிரிக்க முடியாது. இந்து கொடுத்த ஆட்டை முஸ்லிமும் கிறிஸ்தவரும் உண்கிறார்கள். யாரும் யாரையும் ஞாயிற்றுக்கிழமைக்கு வரச் சொல்வதில்லை. சுவிசேஷ ஊக்கம் உள்ள சபைக்காரர்கள் இதைப் பார்த்து, ஆத்துமா ஒன்றுகூட ஆதாயமாகவில்லையே என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. வயிறு நிறைந்து போகிறவருக்குச் செபஸ்தியார் யார், இயேசு யார் என்பது கடைசிவரை தெரியாமலே போகலாம். இருந்தும், தட்டை வாசலோடு திருப்பி அனுப்பும் சபையைவிட இந்த உலை கிறிஸ்துவுக்கு நெருக்கமாக இருக்கிறது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பரப்பலாம், ஆனால் இன்னொருவரை மாற்றுவது உரிமையாகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு போட்டது. 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆசை காட்டுதல் என்பதற்கு அது கொடுத்த விளக்கத்தில் பணமாகவோ பொருளாகவோ கொடுக்கும் எந்தப் பரிசும் அடங்கியது. பத்தியச் சோற்றையும் அதற்குள் இழுத்துவிடலாம் என்ற பயம் வந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் தோற்ற கையோடு அந்த அரசே அதைத் திரும்பப் பெற்றது. வட மாநிலங்களில் இப்போது அதைவிடக் கடுமையான சட்டங்கள் இருக்கின்றன. அன்பையும் ஆசைகாட்டுதலையும் போலீஸ் ஸ்டேஷனில் வைத்துப் பிரிக்க முடியாது. எஃப்.ஐ.ஆர். போடுகிறவருக்கு அண்டை வீட்டார் எதற்குக் கஞ்சி கொடுத்தார் என்பது எப்படித் தெரியும்? ஆகவே இதைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்பது மோசமான யோசனை. அதனாலேயே சபைகள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கடமை கூடுகிறது.

மொத்தத்தில், அறிமுகமில்லாதவர் நீட்டும் கைப்பிரதியைவிட அண்டை வீட்டுப் பழக்கம் எவ்வளவோ மேல். கைப்பிரதி கொடுத்தவர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அண்டை வீட்டுக்காரர் அடுத்த பத்து வருஷமும் அதே காம்பவுண்டில், அதே குழாயடியில் நிற்க வேண்டும். சொன்னபடி வாழ்கிறாரா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இந்தப் பொறுப்புதான் முறையைக் காப்பாற்றுகிறது.

திண்டுக்கல் சபைகள் சில காரியங்களை இந்த வருஷமே செய்யலாம். பெயர் அட்டையைக் கிழித்துப் போடலாம். விசுவாசத்தைப் பற்றிப் பேச விருப்பம் இருந்தால் மாதக்கணக்கில் காத்திருக்காமல் முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடலாம், கேட்பவர் அப்புறம் முடிவு செய்யட்டும். நோயாளி தானாகக் கேட்காதவரை கட்டிலருகே ஜெபத்தை ஆரம்பிக்காமல் இருக்கலாம். ஞானஸ்நான வகுப்பின் முதல் நாளில் 1950ஆம் ஆண்டு ஆணையைப் பற்றிப் பேசலாம். எங்கேயாவது கல்லறைத் தோட்டத்தில் இன்னும் சுவர் நின்றால் முதலில் அதை இடிக்க வேண்டும். புதியவர்களை அழைப்பதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.